கொல்லையில் ஒரு தண்ணீர்ப் பந்தல்: பறவைத் தொட்டியும் சூரிய ஒளி மோட்டாரும்

சென்ற டிசம்பர் மாதக் கடைசியில், பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் தரை வீட்டின் கொல்லைப்புறத்துக்காக இரண்டு பொருள்கள் வாங்கினேன். ஒன்று, பாலேக் பூலாவ் போகும் வழியில் ஒரு பூச்செடிக் கடையில் 85 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்த சிமெண்டுத் தொட்டி. 45 சென்டிமீட்டர் அகலம். நடுவில் 6 சென்டிமீட்டர் ஆழம். மற்றொன்று, இணையக் கடையில் 39 வெள்ளிக்கு வாங்கிய, வெயிலில் ஓடும் சிறிய நீரூற்று மோட்டார். வடக்கே திரும்பிப் போவதற்கு முன் நம் ஊரில் தங்கியிருக்கும் வலசைப் பறவைகள் எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வர வேண்டும் என்பதற்காகவே இரண்டையும் வாங்கினேன். தொட்டியை ஜனவரி முதல் ஏப்ரல் முடியும்வரையும், மோட்டாரை அது ஓடியவரையும் நாள்தோறும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். தொட்டி, கொடுத்த காசுக்கு மேலேயே உழைத்தது. மோட்டாரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

பறவைகளை வரவழைக்க நினைப்பவர்கள் முதலில் தானியம்தான் வாங்குகிறார்கள். நானும் அதற்கு முந்தைய ஆண்டு ஒரு தட்டில் அரிசியும் தினையும் வைத்தேன். புள்ளிப்புறாவும் மைனாவும் வந்தன, இரவில் எலியும் வந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த விருந்தாளிகள் ஒன்றுகூட அந்தத் தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. செப்டம்பர் தொடங்கி ஏப்ரல் வரை நம் வீட்டு மரங்களில் தங்கும் வலசைப் பறவைகளில் பழுப்புக் கீச்சான், பழுப்பு ஈப்பிடிப்பான், கதிர்க்குருவி, கொடிக்கால் வாலாட்டி ஆகிய எல்லாமே பூச்சி தின்பவை. வடக்கே குளிர்காலத்தில் பூச்சி கிடைக்காமல் போவதால்தான் அவை சைபீரியா, கொரியா, ஜப்பான் என்று அத்தனை தொலைவிலிருந்து இங்கே வருகின்றன. வெட்டுக்கிளியைத் தேடி வந்த பறவைக்கு அரிசி எதற்கு? தண்ணீர் அப்படியல்ல, எல்லாப் பறவைக்கும் வேண்டும். குடிப்பதற்கு மட்டுமன்றிக் குளிப்பதற்கும் வேண்டும். நனைந்த இறகுகளைப் பறவை அலகால் கோதிச் சீர்செய்து, வாலடியில் உள்ள சுரப்பியின் எண்ணெயைப் பூசிக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்க வேண்டிய சிறகுக்கு அந்தப் பராமரிப்பு இன்றியமையாதது. பினாங்கில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைந்து கொல்லை காய்ந்து கிடக்கும் என்பதால், அந்த நேரத்தில் வைக்கும் தண்ணீருக்கு மதிப்பு இன்னும் அதிகம்.

நமக்கு வசந்தம் என்று தனியாக ஒரு பருவம் இல்லை. வடக்கே பனி உருகத் தொடங்குவதை இங்கே மரக்கிளையில் தெரியும் பரபரப்பைப் பார்த்துத்தான் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மார்ச் மாதத்தில் சுமத்திராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் தேன் பருந்துகளைப் பார்க்கப் பலர் போர்ட்டிக்சனுக்கு அருகிலுள்ள தஞ்சோங் துவானுக்குப் போகிறார்கள். மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டு முதல் அங்கே பருந்து பார்க்கும் நிகழ்ச்சியை நடத்தி வருகிறது. பினாங்கின் பெருநிலப் பகுதியில் தெலுக் ஆயர் தாவார் தொடங்கி கோலமூடா வரையிலான சேற்றுக் கடற்கரையும் கரையோரப் பறவைகளுக்குப் பெயர் பெற்றது. எனக்கு இரண்டு இடத்துக்கும் போக ஆசைதான். ஆனால் என் மாமியாருக்கு முழங்கால் வலி. பின்வாசல் நாற்காலியை விட்டு அவர் அதிகம் நகர்வதில்லை, அவரைத் தனியே விட்டு நானும் நகர்வதில்லை. எனவே இந்தத் தொட்டி எங்கள் இருவருக்கும் சேர்த்து வாங்கியது.

முதலில் தொட்டியைப் பற்றி. கடையில் பளபளப்பான பீங்கான் தொட்டிகளும் இருந்தன. நீல நிறத்தில், பார்த்தவுடன் வாங்கத் தோன்றும் அழகு. விரலால் உட்புறத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வேண்டாமென்று முடிவு செய்தேன். வழவழப்பான தரையில் சிறு பறவையின் கால் வழுக்கும். வழுக்கும் இடத்தில் பறவை ஒருமுறை இறங்கினாலும் மறுமுறை இறங்கத் தயங்கும். சிமெண்டுத் தொட்டியின் உட்புறம் தோசைக்கல்லின் பின்பக்கம்போலச் சொரசொரவென்று இருந்தது. விளிம்பில் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் தொடங்கி நடுவை நோக்கி மெல்லச் சரிகிறது. சிறு பறவை கரையோரத்தில் நின்று குடிக்கலாம், பெரியது நடுவில் இறங்கிக் குளிக்கலாம். விற்கப்படும் தொட்டிகளில் பாதிக்கு மேல் சாம்பார்ச் சட்டிபோல நேர்ச்சுவரும் பெரிய ஆழமும் கொண்டவை. அவை மீன் வளர்க்க நன்றாக இருக்கும், பறவைக்கு ஆகாது. ஏற்கெனவே அப்படி ஒன்று வீட்டில் இருந்தால், உள்ளே தட்டையான கற்களை அடுக்கி ஆழத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

புதுச் சிமெண்டுக்கு ஒரு குறை உண்டு, அதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. அதில் உள்ள சுண்ணாம்பு முதல் சில நாள்கள் தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருக்கும். நான் ஒரு வாரம் முழுக்கத் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையும் மாலையும் மாற்றி, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிய பிறகே கொல்லையில் வைத்தேன். வைத்த நான்காம் நாள் கொண்டைக்குருவி வந்தது, பிறகு குண்டுக்கரிச்சான் வந்தது. உள்ளூர்ப் பறவைகள் அச்சமின்றி இறங்குவதைப் பார்த்துத்தான் வெளியூர்ப் பறவைகள் துணிந்தன என்று நினைக்கிறேன். முதல் வலசைப் பறவை தொட்டியில் கால் வைக்க மூன்று வாரம் ஆனது. ஒரு வாரத்தில் ஒன்றும் வரவில்லை என்று தொட்டியைப் பூச்சட்டியாக மாற்றிவிட வேண்டாம் என்று இதை வாங்குபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தொட்டியின் எடையும் ஒரு நன்மையாக முடிந்தது. எங்கள் வீடு பினாங்கு மலையின் அடிவாரத்தில் இருப்பதால் நீள்வால் குரங்குகள் கூட்டமாக வரும். கைக்குக் கிடைத்ததை எல்லாம் கவிழ்த்துப் பார்க்கும். தொட்டியில் தண்ணீர் குடித்தன, விளிம்பில் உட்கார்ந்து பேன் பார்த்தன, ஆனால் அதைப் புரட்ட முடியவில்லை. பிளாஸ்டிக் தொட்டி வாங்கியிருந்தால் முதல் வாரமே வடிகாலில் கிடந்திருக்கும்.

இனி மோட்டார். உள்ளங்கை அளவுள்ள சூரியத் தகடும் அதன் அடியில் ஒரு குட்டி மோட்டாரும் சேர்ந்து தண்ணீரில் மிதக்கும்; வெயில் பட்டால் நீர் பீய்ச்சும்; மின்கலம் இல்லாததால் வெயில் மறைந்தால் நின்றுவிடும். ஓடும் நீரின் சத்தமும் மினுமினுப்பும் பறவைகளை ஈர்க்கும் என்பது உண்மை, அதில் சந்தேகமில்லை. சிக்கல் நேரத்தில்தான் இருக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் பினாங்கில் பொழுது விடிவதே ஏழரை மணி அளவில்தான். எங்கள் கொல்லைக்கு நேர் வெயில் ஒன்பதரைக்கு முன் வருவதில்லை. பறவைகளோ விடிந்த முதல் ஒரு மணி நேரத்திலும் மாலை ஆறரைக்கு மேலும்தான் குளிக்க வருகின்றன. ஆகவே மோட்டார் ஓடும்போது பறவை இல்லை, பறவை வரும்போது மோட்டார் இல்லை. கோளாறே இல்லாத மோட்டாருக்கும் இது பொருந்தும் என்பதை வாங்குவதற்கு முன் யோசித்துப் பார்க்கவில்லையே என்று எனக்கு வருத்தம்.

இன்னொரு முரணும் உண்டு. தகட்டுக்கு நல்ல வெயில் வேண்டும், தொட்டிக்கு நிழல் வேண்டும். திறந்த வெயிலில் வைத்த தண்ணீர் பகல் ஒரு மணிக்குக் கை வைக்க முடியாதபடி சூடாகிவிட்டது. தொட்டியை ரம்புத்தான் மரத்தின் நிழலுக்கு நகர்த்தினால் மோட்டார் ஓடவில்லை. தகடு தனியாகவும் மோட்டார் தனியாகவும் இருந்து, இரண்டையும் சில மீட்டர் நீளக் கம்பி இணைக்கும் வகை சற்று விலை கூடினாலும் நமக்கு ஏற்றது. மிதக்கும் வகையை வாங்கவே வேண்டாம்.

பெட்டியில் நான்கைந்து வகைத் தூவுமூக்குகள் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் நீர் அரை மீட்டர் உயரத்துக்குப் பீய்ச்சியது. காற்றடித்தால் பாதித் தண்ணீர் வெளியே போய், பிற்பகலுக்குள் தொட்டி வற்றியது. அந்தப் பீய்ச்சலைக் கண்டு கொண்டைக்குருவிகூட ஒதுங்கி நின்றது. மூக்கைக் கழற்றிவிட்டு, நீர் இரண்டு விரல் உயரத்துக்குக் கொப்பளிக்கும்படி விட்ட பிறகே பறவைகள் நெருங்கின. இப்படியாக ஒருவழியாகப் பழகிவந்த நேரத்தில், பிப்ரவரி நடுவில் குரங்கு ஒன்று தகட்டைப் பிடுங்கிக் கம்பியைக் கடித்துத் துண்டாக்கியது. விற்றவரிடம் கேட்டேன், விலங்கு கடித்தது உத்தரவாதத்தில் சேராது என்றார். அதில் அவரைக் குறை சொல்ல நியாயமில்லை.

மோட்டார் போன மறுநாள் என் மாமியார் சொன்ன யோசனைதான் இந்த ஆண்டின் உண்மையான லாபம். கெடா தோட்டப்புறத்தில் வளர்ந்தவர் அவர். "அங்க தண்ணித் தொட்டிக் குழாய் சொட்டிக்கிட்டே இருக்கும்மா, அந்தச் சத்தத்துக்குத்தான் குருவி வரும். ஒரு போத்தல கட்டித் தொங்க விடு," என்றார். ஒன்றரை லிட்டர் மினரல் தண்ணீர்ப் போத்தலின் அடியில் குண்டூசியைச் சூடாக்கி ஒரு துளை போட்டு, மூடியைத் தளர்த்தி, தொட்டிக்கு மேல் ரம்புத்தான் கிளையில் கட்டினேன். மூடியை இறுக்கினால் சொட்டு நிற்கும், தளர்த்தினால் வேகம் கூடும். நொடிக்கு ஒரு சொட்டு என்று வைத்தால் ஒரு போத்தல் எட்டு மணி நேரத்துக்கு ஓடுகிறது. வெயிலை நம்ப வேண்டியதில்லை. விடியற்காலையில் ஒன்று, மாலை ஐந்து மணிக்கு ஒன்று நிரப்பினால் போதும். செலவு ஒன்றுமில்லை.

போத்தல் தொங்கிய மூன்றாம் நாள் மாலை, மணி ஏழுக்குச் சற்று முன், வேலியடியில் உதிர்ந்து கிடந்த இலைகளுக்கு நடுவே ஏதோ அசைந்தது. கொடிக்கால் வாலாட்டி. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது உடம்பின் பின்பாதியையே இடமும் வலமுமாக, தொட்டிலை ஆட்டுவதுபோல நிதானமாக ஆட்டிக்கொண்டு நடக்கும். வெண்மையான நெஞ்சில் இரண்டு கறுப்புப் பட்டைகள். மேலது கழுத்தில் போட்ட அட்டிகை மாதிரி நடுவில் அகன்றிருந்தது. தொட்டியின் செங்கல் மேடையில் ஏறி நின்று, விழும் சொட்டைத் தலை சாய்த்துப் பார்த்தது. அடுத்த சொட்டு விழுந்தபோது ஒரு அடி பின்வாங்கியது, அதற்கடுத்த சொட்டுக்கு நகரவில்லை. பிறகு விளிம்பில் இறங்கி, வயிறு நனைய உட்கார்ந்து, சிறகை மூன்று தடவை அடித்தது. நீர்த்துளிகள் சிமெண்டில் புள்ளி புள்ளியாகத் தெறித்ததை நாங்கள் இருந்த இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான்கு மீட்டர் தூரம்கூட இருக்காது. அது போன பிறகும் இருவரும் நெடுநேரம் பேசவில்லை.

ஈப்பிடிப்பான் குளிக்கும் விதம் வேறு. அது தொட்டிக்குள் நிற்பதே இல்லை. தாழ்ந்த கிளையிலிருந்து பாய்ந்து, நெஞ்சால் நீரைத் தொட்டுவிட்டு, அதே கிளைக்குத் திரும்பி உதறிக்கொள்ளும். மூன்று நான்கு முறை இப்படிச் செய்யும். அதனால் தொட்டிக்கு ஒன்றரை மீட்டர் தூரத்தில் இலையில்லாத ஒரு காய்ந்த கிளை இருந்தால் மிகவும் உதவும். கதிர்க்குருவியோ தொட்டிப் பக்கமே வரவில்லை. குழாயால் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் தண்ணீர் தெளித்தால், நனைந்த இலைகளுக்குள் புகுந்து உடம்பைத் தேய்த்துக் குளிக்கிறது. துணிக்கொடியில் உட்காரும் பழுப்புக் கீச்சான் நண்பகலில்கூட வந்து குடிக்கும். கண்ணை மறைத்த கறுப்புப் பட்டையைப் பார்த்து மாமியார் அதற்கு 'முகமூடி' என்று பெயர் வைத்துவிட்டார். அது கொடியில் இருக்கும்வரை சிறு பறவைகள் இறங்காது. அதை விரட்ட நான் முயலவில்லை. அதற்கும் போக வேண்டிய தூரம் குறைவில்லை.

இந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்லும்போது டிங்கியைச் சொல்லாமல் விடுவது பொறுப்பற்ற செயல். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) முதல் வாரமே வேலிக்கு அப்பால் நின்று கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் நியாயம். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டத்தின்படி, வீட்டு வளாகத்தில் ஏடிஸ் கொசுப் புழு வளர விடுவது நம் நாட்டில் குற்றம். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற நம் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும். எனவே இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டு மாற்றுகிறேன். கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்பவை; காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் இருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். அப்போதே பாசியும் எச்சமும் போய்விடும். சோப்பு வேண்டாம், புழு மருந்தும் வேண்டாம். அடிக்கடி மாற்றும் தண்ணீருக்கு மருந்து தேவைப்படாது. மார்ச் மாதம் சுகாதார அதிகாரி ஒருவர் எங்கள் தாமான் குடியிருப்பில் வீடுவீடாகச் சோதனை செய்து வந்தபோது, தொட்டிக்குள் கைவிளக்கடித்து நன்றாகப் பார்த்தார், ஒன்றும் இல்லை. பிறகு, இதில் என்ன பறவை வருகிறது என்று கேட்டுவிட்டுப் போனார். வாரத்துக்கு மூன்று முறை பத்து நிமிடம் ஒதுக்க முடியாதவர்கள், ஊருக்குப் போனால் கவிழ்த்து வைக்க மறப்பவர்கள், இதை வாங்கக் கூடாது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

வைக்கும் இடம் பற்றியும் சொல்ல வேண்டும். நனைந்த பறவை சரியாகப் பறக்காது. பூனைக்கு அது தெரியும். தொட்டியைச் சுற்றி இரண்டு மீட்டருக்குப் புதர் இல்லாமல் வெட்டவெளியாக வைத்து, தப்பி ஏற மேலே மரக்கிளை இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். செங்கல்லை அடுக்கி முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தது வாலாட்டிபோலத் தரையில் நடக்கும் பறவைக்கும் வசதியாக இருந்தது. கடைகளில் விற்கும் இடுப்புயரத் தூண் வைத்த தொட்டிகளில் அவை ஏறுமா என்பது எனக்குச் சந்தேகமே. சன்னல் கண்ணாடி இன்னோர் ஆபத்து. அதில் தெரியும் வானத்தை உண்மையான வானம் என்று நம்பிப் பறவைகள் மோதுகின்றன. எங்கள் சமையலறைச் சன்னலுக்கு வெளிப்பக்கத்தில் பழைய மெல்லிய சேலைத்துணியைத் திரையாகக் கட்டிவிட்டோம், மோதல் நின்றது.

மார்ச் பிற்பகுதியில் தொட்டியில் கூட்டம் கூடியது. அதுவரை நாளுக்கு ஒருமுறை வந்த ஈப்பிடிப்பான் காலையும் மாலையும் வந்தது. ஏப்ரல் 9ஆம் தேதிக்குப் பின் அதைக் காணவில்லை. முகமூடி ஏப்ரல் 17ஆம் தேதி மாலைவரை துணிக்கொடியில் இருந்தது, மறுநாள் காலை கொடி வெறுமையாக இருந்தது. கதிர்க்குருவியின் குரல் 24ஆம் தேதிவரை முருங்கையில் கேட்டது. பறவைகள் போய்விட்டன என்று தொட்டியை எடுத்து வைக்கவில்லை. கொண்டைக்குருவிக் குடும்பம் குஞ்சுகளோடு இப்போதும் வருகிறது.

85 வெள்ளித் தொட்டியை மீண்டும் வாங்குவேன். மோட்டாரை வாங்க மாட்டேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் நம் மக்கள் தண்ணீர்ப் பந்தல் போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். நடந்து வருபவரின் ஊர், பெயர் எதுவும் அங்கே யாரும் கேட்பதில்லை. செப்டம்பருக்குள் இதே அளவில் இன்னொரு தொட்டி வாங்கி, தரைமட்டத்தில், வாழைமரத்து நிழலில் வைப்பதாக இருக்கிறோம். அதற்கான போத்தலை மாமியார் இப்போதே கழுவிக் காய வைத்துவிட்டார்.